டீசலைக் குடித்தது யார்?

டிக்கியிலிருந்த வெள்ளை கேனைக் கண்ணாயிரம் வெளியே இழுத்தார். "இதுல எத்தினி நாளா டீசல் புடிக்கிற?" என்று ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்.

"மோருங்க. ஒரு வாய் குடிச்சிப் பாருங்க" என்றாள் டிரைவர் மணிமொழி.

மூடியைத் திறந்து முகர்ந்தார். மோர்தான். அதற்காகக் கண்ணாயிரம் விட்டுவிடுவாரா? வேங்கிக்காலில் ஒரே மாடலில் ஆறு வாடகைக் கார் ஓடவிடுகிறவர். ஐந்து கார் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் ஓட, இது மட்டும் பதினாறைத் தாண்டமாட்டேன் என்றது. ஆறு மாதம் முன்பு இதை ஓட்டிய அப்பாதுரையை எல்லார் முன்னாலும் திருடன் என்று சொல்லித்தான் சாவியைப் பிடுங்கினார்.

"அந்த ஆளுதான் திருடினான்னா, நீயுமா? இந்தக் காருதான் வேணும்னு நீ கேட்டப்பவே உஷாராயிருக்கணும். லைசென்ஸ்ல தேதியை மட்டும் பார்த்து வேலைக்குச் சேர்த்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"திருடுறது நான் இல்லீங்க, உங்க டயரு. இந்தக் காருக்கு மட்டும் கம்பெனி வீலைக் கழட்டிட்டு, பார்க்க கெத்தா இருக்குன்னு இவ்ளோ அகலமா, இவ்ளோ வெயிட்டா போன வருஷம் மாட்டினீங்களே. அதை உருட்டவே டீசல் ஜாஸ்தி ஆவுது. எரிஞ்சதெல்லாம் புகையா மலைப்பக்கம் போவுது."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"நீங்களே ஓட்டிப் பாருங்க. இன்னிக்கி இதே டயர்ல பாண்டி போயிட்டு வாங்க. நாளைக்குப் பழைய வீலை மாட்டிப் போங்க. நான் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன். டீசல் கம்மி ஆவலன்னா போலீஸ்ல குடுங்க."

சவால் என்று வந்துவிட்டால் கண்ணாயிரம் சோறு தண்ணி பார்க்கமாட்டார். கிளம்பிவிட்டார். ஒரே ரோடு, ஒரே பங்க், போகும்போதும் வரும்போதும் ஃபுல் டேங்க். மணிமொழி பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு நாளும் ஸ்டீயரிங் பக்கம் விரல்கூடப் போகவில்லை, கொழுப்பு.

மறுநாள் சாயங்காலம் பழைய வீலோடு பங்கில் நிறுத்தினார். நேற்று பதின்மூன்று லிட்டர் பிடித்த டேங்க், இன்று பதினொன்றரைக்கே நிறைந்துவிட்டது. கண்ணாயிரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே பதினொன்றரைதான்.

மனுஷன் முன்கோபியே தவிர, தோற்றால் ஒத்துக்கொள்வார். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் காதில் விழும்படியே சொன்னார்.

"தப்பு என் மேலதாம்மா. பழைய வீலே இருக்கட்டும். நாளைக்கு வழக்கம்போல வந்துடு."

அவர் நீட்டிய சாவியை மணிமொழி வாங்கவில்லை. "வேற ஆள் பார்த்துக்குங்க."

"வேலையே வேணாம்னா, எதுக்கு ரெண்டு நாளா என்கூட மல்லுக்கட்டின?"

"தப்பு உங்க மேலன்னு இப்ப சொன்னீங்கல்ல, அதை வீட்டுக்கு வந்து எங்கப்பா அப்பாதுரைகிட்ட சொல்லுங்க."