திருப்பித் தர வேண்டிய கை

முடங்கியவர்களை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி முதுநிலைப் படிப்பின் கடைசித் தேர்வில், நோயாளியின் முடக்கத்தை மாணவர் தன் கையில் வாங்கிக்கொள்வார். நோயாளியின் மணிக்கட்டில் கட்டும் பட்டை வழியாக மாணவரின் கைவலு அவருக்குப் போகும். பக்கவாதம் வந்த சந்தானராஜின் வலக்கை முடக்கத்தை வாங்கிய மெர்லின், இடக்கையால் மட்டும் சட்டை போட்டுக் காட்டினாள். தேர்வு முடிந்தது. சந்தானராஜ் தானாக மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றினால்தான் அவளுடைய வலு திரும்பும்.

அவர் கழற்றவில்லை. கூட வந்திருந்த மகளை அருகே இழுத்துச் சடை பின்னத் தொடங்கியிருந்தார்.

"கழட்டுங்கண்ணே. நேரமாச்சுன்னா எனக்குக் கை இப்படியே நின்னுரும்."

"என் கை விழுந்ததுலேருந்து இவ தலைய விரிச்சுப் போட்டுட்டுத்தான் ஸ்கூலுக்குப் போறாம்மா."

தேர்வாளர் காவலாளியைக் கூப்பிட எழுந்தார்.

"வேண்டாம் மேடம்." மெர்லின் முந்திக்கொண்டாள். மரத்த கையோடு சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாப்பா, சடையோட மூணு கால்ல இந்த ஒரு கால நீ இறுக்கிப் பிடிச்சுக்க. மீதிய அப்பா ஒத்தக் கையாலயே பின்னுவாரு."

சந்தானராஜ் அவளையே பார்த்தார். பிறகு பட்டையைக் கழற்றினார். அவர் வலக்கை மடியில் விழுந்தது. மெர்லினின் விரல்கள் சுள்ளென்று வலித்து அசைந்தன.

அவர் இடக்கையால் தடுமாறினார்.

"அப்பா, ஒரு கால விட்டுட்டீங்க."

மெர்லின் எழுந்து, உதவத் துடித்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் மறுபடி முடியைப் பிரித்தெடுத்தார்.