மழைக்கோட்டுக்குள் யூரோப்பியம்

போர்ட் பிளேயரில் மதியம் முழுக்க மழை. புற ஊதா விளக்கின் கீழ் சிவப்பாக ஒளிர வேண்டிய என் பொடி, யூரோப்பியம் என்ற அரிய உலோகம் சேர்ந்தது, இந்த ஈரக்காற்றை உறிஞ்சி இரண்டு முறை அணைந்துபோயிருக்கிறது. கப்பலில் வந்த யூரோப்பிய உப்பின் கடைசிச் சிட்டிகையில் செய்த பொடி, நன்றாக உலர்ந்து, மூடி இறுக்கிய குப்பியில் என் கையில் இருக்கிறது. ஆய்வகத்தில் இருட்டறை இல்லை. உதவியாளர் மீனாம்பாள் அக்கா தன் கறுப்பு மழைக்கோட்டை எங்கள் இருவர் தலைமேலும் போர்த்துகிறார். உள்ளே ரப்பர் வாடை, என் சட்டையில் ஊறிய கந்தகச் சேர்மத்தின் பூண்டு வாடை. “அரே, மீன் மார்க்கெட்டே தேவலாம்டி. ஜல்தி லைட்டைப் போடு” என்கிறார். “இதுவும் எரியலைன்னா, அக்கா?” “மெயின்லேண்டுக்கு எழுதுவோம். கப்பல் வராமலா போயிடும்? போடு.” புற ஊதா விளக்கின் பொத்தானை அழுத்துகிறேன். வெள்ளைப் பொடி அடுப்புக் கங்கு போலச் சிவக்கிறது. குப்பி குளிர்ந்தே இருக்கிறது. “அட, லால்!” என்கிறார் அக்கா மெதுவாக. அவருடைய மூக்குத்தியில் ஒரு சிவப்புப் புள்ளி நிற்கிறது. கோட்டு நீர் என் பிடரியில் இறங்குகிறது. பார்த்தாகிவிட்டது. ஆனாலும் அக்கா கோட்டை விலக்கவில்லை. நானும் விளக்கை அணைக்கவில்லை.