காறையெலும்புக்குக் கீழே

“உடம்புல உலோகம் ஏதாவது இருக்குங்களா? சங்கிலி, மோதிரம், ஆபரேஷன்ல வச்ச கம்பி?”

எக்ஸ்ரே எடுப்பவர் கேட்டதும் மருமகள் என் முகத்தையே பார்த்தாள்.

“துப்பாக்கிக் குண்டு இருக்கு,” என்றேன். “வலது காறையெலும்புக்குக் கீழே. நாப்பது வருஷமா.”

“அடேங்கப்பா! அப்ப படத்துல பளிச்சுனு வெள்ளையா விழும், பாருங்க.”

அவள் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருமலுக்கு நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்தே இவள் போக்கு சரியில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்ற என் மகனைத் தடுத்தாள். நானும் வருவேன் என்று குதித்த பேத்தியை அதட்டி உட்கார வைத்தாள்.

எதற்கு? படத்தைப் பார்த்துவிட்டு யாரிடம் போய்ச் சொல்ல நினைக்கிறாள்?

எங்கள் வீட்டைக் குண்டுக்காரர் வீடு என்றுதான் சொல்வார்கள். ஆலைக் கிடங்கில் புகுந்த திருடர்களைத் தனியாளாக மடக்கியவன் நான். அந்தப் பெயருக்காகவே என் பெண்கள் இருவரையும் நல்ல இடத்தில் கேட்டு வந்தார்கள். அன்று காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டவள் என் மனைவி. கடைசிவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் போய் மூன்று வருடம் ஆகிறது.

சட்டையைக் கழற்றினேன். மோதிரத்துக்கு மருமகள் உள்ளங்கையை நீட்டினாள்.

“நெஞ்சு மட்டும் போதும். தோள் பக்கமெல்லாம் வேண்டாம்.”

“எல்லாம் சேர்ந்துதான் விழும், பெரியவரே.”

தகடு சில்லென்று இருந்தது. நெஞ்சை அதில் ஒட்டவைத்து, கைகளை இடுப்பில் ஊன்றச் சொல்லி, தாடையை உயர்த்திவிட்டு, அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டார்.

“மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க.”

அவர் சொல்வதற்கு முன்பே பிடித்திருந்தேன்.

கால் மணி நேரம் கழித்துப் படத்தோடு வெளியே வந்தார். நெற்றியைச் சுருக்கியிருந்தார்.

“பெரியவரே, நீங்க சொன்னீங்களே, அந்தக் குண்டு...”

“கொடுங்க இப்படி!” மருமகள் வெடுக்கென்று படத்தைப் பறித்தாள். அவ்வளவு அவசரம்.

ஆனால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கவில்லை. பார்க்கவே இல்லை. உறையில் போட்டு மூடினாள்.

அவள் கைப்பேசி அடித்தது. மகன்.

நான் தரையைப் பார்த்தேன்.

“ம், தெரியுதுங்க. கட்டைவிரல் நகம் அளவுக்கு, பளிச்சுனு. இல்லங்க, கொண்டுவர முடியாது. படத்தை டாக்டரே வச்சுக்குவாராம்.”

மோதிரத்தை என் கையில் வைத்தாள்.

“அத்தை அப்பவே சொல்லிட்டாங்க, மாமா. உங்களை எப்பவாவது எக்ஸ்ரே எடுக்கச் சொன்னா, நான் மட்டும்தான் கூட வரணும்னு.”

சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டேன்.