கழுத்தை விட்ட கிழங்கு

டேலியாப் பூச்செடியின் அடியில் இரண்டு கிழங்குகள், தண்டு தொடங்கும் ஒரே கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தன. அண்ணன் கைப்பிடி கொள்ளாத பருமன். தம்பி சுண்டுவிரல் அளவுதான்.

பனிக்காலம் வந்ததும் தோட்டக்கார மாதம்மா அவற்றைத் தோண்டியெடுத்து, மண்ணை உதறி, நிழலில் காயவைத்தாள்.

"வருஷம் பூரா சேர்த்து வைக்கிறது நான். ஒட்டிக்கிட்டு இருக்கிறது நீ. இனி நான் தனியாப் போறேன்," என்றது பெரிய கிழங்கு.

"போறதுன்னா இந்தக் கழுத்துல கொஞ்சம் பிச்சுக்கிட்டுப் போண்ணே. முளைக்கிற கண்ணு அங்கதான் இருக்கு."

"அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் நம்ம பாட்டன்களைக் கப்பலேத்திக் கொண்டுபோனதே பூவுக்கில்ல, கிழங்கைத் திங்கிறதுக்குத்தான், தெரியுமா? கிழங்குதான் சொத்து. கண்ணை நீயே வெச்சுக்க."

சொன்ன வேகத்தில் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு உடைந்து உருண்டது.

பனி விலகியதும் மாதம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டாள். தம்பி முளைத்தது. அண்ணன் காத்திருந்தது. தண்ணீர் வந்தது, எரு வந்தது, வேர்கூட விட்டது. முளை மட்டும் வரவில்லை.

பூக்கும் காலத்தில் ஒருநாள் மேலே, தோட்டம் பார்க்க வந்த ஒருவரின் குரல் கேட்டது.

"போன வருஷம் தட்டு மாதிரி பூத்த செடியா இது? இப்போ சட்டைப் பொத்தான் அளவுக்கு இருக்கே!"

"என்னன்னு தெரியலைங்க. அடியில சத்து பத்தலை போலிருக்கு," என்றாள் மாதம்மா.

அது மண்ணுக்குள் அண்ணனுக்கும் கேட்டது.

"தம்பி, எல்லாம் என்கிட்ட அப்படியே இருக்குடா. எடுத்துக்கயேன்," என்றது அண்ணன்.

"எது வழியாண்ணே எடுக்கிறது?"