பாதி கோர்ட்

"அறுபத்தெட்டு வயசுல ஷட்டில் ஆடறதே பெருசு. அதுல சிங்கிள்ஸ் வேறயாப்பா?"

அப்பா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை வந்து தலையைக் காட்டும் மகன் விடுவதாக இல்லை.

"கோர்ட் முழுக்க ஒத்தை ஆளா ஓடி, விழுந்து வெச்சா? வீட்டுல கவனிச்சுக்கக்கூட ஆள் கிடையாது. பேசாம டபுள்ஸுக்கு மாறுங்க. பாதி கோர்ட்டை இன்னொருத்தர் பார்த்துப்பாங்க."

"இந்த வயசுல எனக்கு யாருடா பார்ட்னரா வருவா?"

"கேட்டாத்தானே தெரியும்? தள்ளிப்போடாதீங்க."

"அப்புறம் பேச்சு மாறமாட்டியே?"

"நான் ஏன் மாறப்போறேன்? எனக்கும் நிம்மதி."

அடுத்த மாதம் அவன் வந்தபோது, டிராக் பேன்ட் அணிந்த ஓர் அம்மாள் கதவைத் திறந்தார். பின்னாலேயே அப்பா.

"பார்ட்னர் கிடைச்சாச்சா? ஜோடியா ஆடறது எப்படிப்பா இருக்கு?"

"ஆட்டத்துல இவங்க எனக்கு எதிராளிடா. நாலு வருஷமா சிங்கிள்ஸ்ல என்னைத் துவைச்சு எடுக்கறாங்க. அது அப்படியேதான்."

"அப்போ டபுள்ஸ்?"

"அது வீட்டுல. வியாழக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டாச்சு. நீதானேடா தள்ளிப்போடாதீங்கன்னு சொன்னே?"