பத்தாவது கேள்வி

வரிசையில் நின்றபடியே அவள் கைப்பையைக் கொஞ்சமாகத் திறந்து, உள்ளே இருந்த போனால் கடையைப் படம் பிடித்தாள். விலைப் பலகை, கண்ணாடி அலமாரி, கல்லா, கடைசியாக கவுன்டரில் நின்ற ஆள். யாரும் கவனிக்கவில்லை. பையை மூடிக்கொண்டாள்.

திருட்டுக்கு நோட்டம் பார்க்கிறாள் என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதுதான் அவள் பிழைப்பு. வாடிக்கையாளர் மாதிரி கடைக்குள் போக வேண்டும், ஊழியர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், வெளியே வந்து பத்துக் கேள்விக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். தான் யார் என்று மட்டும் மூச்சு விடக் கூடாது.

அலுவலகத்தில் அவளுக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். நாலு வருஷத்தில் யாருக்காகவும் ஒரு மார்க் கூட்டிப் போட்டதில்லை, குறைத்தும் போட்டதில்லை. அவள் எழுதியதால் ஒரு துணிக்கடைப் பெண்ணுக்கு வேலை போனபோதும், "உள்ளதைத்தானே எழுதினேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குக் கிளம்பினவள்.

காலையில் மேற்பார்வையாளர் கூப்பிட்டிருந்தார்.

"ஸ்டேஷனை ஒட்டி இருக்கிற காபிக் கடைம்மா. கவுன்டர்ல நிக்கிறவர் மேல ஏற்கெனவே ரெண்டு ரிப்போர்ட் மோசமா வந்திருக்கு. வேற ரெண்டு பேர் எழுதினது. மூணாவதும் அப்படியே வந்தா ஆளை வேலையை விட்டு எடுத்துடுவாங்க. அதான் உங்களை அனுப்புறேன்."

வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்ல நேரம் இருந்தது. வாய்வரைக்கும் வந்தது. "சரி சார்" என்றாள். இப்போதெல்லாம் யார் என்ன சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வரிசை நகர்ந்தது. அவளுக்கு முன்னால் ஒரு பெரியவர்.

"சக்கரை?" என்றார் கவுன்டர்க்காரர், தலை நிமிராமல்.

"ரெண்டு ஸ்பூன் போடுப்பா."

கப்பை வாங்கும்போது பெரியவரின் கை வெடவெடவென்று நடுங்கியது. கவுன்டர்க்காரர் தன் கையை எடுக்கவில்லை. அந்தப் பிடி நிலைக்கும்வரை தன் கையையும் சேர்த்தே வைத்திருந்தார். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது அவள்.

"ஒரு காபி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்த வேகத்திலேயே குனிந்துகொண்டார். வாங்க என்ற ஒரு வார்த்தை இல்லை, சிரிப்பு இல்லை. முகத்தில் சவரக் கத்தி பட்டு ஒரு வாரமாவது இருக்கும். சர்க்கரை வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. காபியைக் கலந்து, மூடியை அழுத்தி, கப்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சூடா இருக்கு, பாத்து."

அவ்வளவுதான். பார்வை அடுத்த ஆளிடம் போய்விட்டது.

மூலை மேஜையில் உட்கார்ந்து ஒரு மடக்கு குடித்தாள். துளிச் சர்க்கரை இல்லை. இப்படி நடந்தால் கப்பைத் திருப்பிக் கொடுத்து, ஆள் முகம் சுளிக்கிறாரா என்று பார்ப்பது வழக்கம். அவள் எழுந்திருக்கவில்லை. நாக்கு சுட்டதுகூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. முழுவதும் குடித்துவிட்டு வெளியே வந்து, ஸ்டேஷன் சுவரில் சாய்ந்து நின்றபடி படிவத்தை நிரப்பினாள்.

வரவேற்றாரா? இல்லை. சிரித்தாரா? இல்லை. தோற்றம் திருத்தமாக இருந்ததா? இல்லை. தேவையைக் கேட்டு அறிந்தாரா? இல்லை. கட்டைவிரல் தடுமாறவே இல்லை. ஒன்பது கேள்விக்கு ஏழு 'இல்லை'. பத்தாவது கேள்வியில்தான் சற்று நின்றது: இவர் வேலையில் தொடரலாமா?

பதிலைப் போட்டு, கீழே நாலு வரி எழுதி, அனுப்பிவிட்டாள்.

பத்தே நிமிஷத்தில் போன் வந்தது.

"என்னம்மா இது? ஏழு இல்லை போட்டுட்டு, கடைசியில தொடரலாம்னு போட்டிருக்கீங்க?"

"பெரியவர் விஷயம் கீழ எழுதியிருக்கேன் சார்."

"படிச்சேன். நல்ல மனுஷன்தான், ஒத்துக்கிறேன். ஆனா அதுக்கு நம்ம படிவத்துல கட்டம் இல்லையே. மேல இருக்கிறவங்க என்னைத்தானே பிடிப்பாங்க? ஒண்ணு, அந்த இல்லையை எல்லாம் மாத்துங்க. இல்லாட்டி பத்தாவதை மாத்துங்க."

"ரெண்டுமே உள்ளதுதான் சார். எதையும் மாத்த மாட்டேன்."

மறுமுனையில் பெருமூச்சு.

"தராசுன்னு உங்களுக்குப் பேரு. நீங்களே இப்படிப் பண்ணா எப்படி? அந்தாளோட பழைய ரெக்கார்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு வருஷமா ஒரு குறை கிடையாது. ரெண்டு மாசமாத்தான் இப்படி மரம் மாதிரி நிக்கிறார். என்ன வந்துச்சோ. அவர் கஷ்டம் அவருக்கு, நாம என்ன பண்ண முடியும்?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி, இதுக்காவது பதில் சொல்லுங்க. கடைசி வரியில 'என்னிடம் அக்கறையாகப் பேசினார்'னு எழுதியிருக்கீங்க. என்ன பேசினார்னும் நீங்களே எழுதியிருக்கீங்க. சூடா இருக்கு, பாத்து. எண்ணி மூணே வார்த்தை. இதெல்லாம் ஒரு பேச்சாம்மா?"

ஒரு ரயில் இரைச்சலோடு கடந்து போனது. அது போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள். பேசியபோது குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"எங்க பொண்ணு தவறிப்போன இந்த ரெண்டு மாசத்துல, என் வீட்டுக்காரர் என்கிட்ட பேசினதே அந்த மூணு வார்த்தைதான் சார்."