யார் விடுவிப்பது

மத்திகிரி கம்ப்யூட்டர் மாலை வகுப்பில் சாய்ந்த வெயில் அஃப்ஸானாவின் திரையில் விழுகிறது. அவளும் குருமூர்த்தியும் சேர்ந்து எழுதிய சி மொழிப் புரோகிராம் இன்று ஆயிரம் சுற்று நிற்காமல் ஓடியாக வேண்டும். மூன்று நாளாகப் பாதியில் நின்றுபோகிறது. தப்பு தன்னுடையதுதான் என்றே இருந்தவள் சட்டென்று நிமிர்கிறாள். "குரு, கேட்டு வாங்குன ஒரே மெமரிய ரெண்டு பேரும் ஃப்ரீ பண்ணி திருப்பி விடறோம். விட்டதையே ரெண்டாந்தடவ விட்டா புரோகிராம் நிக்காம என்ன பண்ணும்?" "நீ மறந்துருவேன்னுதான் நானும் பண்ணேன்." "நானும் உன்ன அப்பிடித்தான் நெனச்சேன்!" அவன் சிரித்துக்கொண்டே தன் வரியை அழிக்கிறான். புரோகிராமில் அவன் எழுதிய ஃபங்ஷன் பகுதிக்கு மேலே அவள் நிதானமாக ஒரு குறிப்பு தட்டுகிறாள்: இந்த ஃபங்ஷன் தரும் மெமரி இதைக் கூப்பிட்டுப் பயன்படுத்துபவருக்குச் சொந்தம், அவரே விடுவிக்க வேண்டும். தெருவில் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது. புரோகிராம் ஆயிரம் சுற்றும் ஓடி முடிகிறது. குரு கீபோர்டை இழுத்து, அந்தக் குறிப்பின் கீழே அவள் பெயரைச் சேர்க்கிறான். "எதுக்குப்பா?" "யாருக்காவது சந்தேகம் வந்தா உன்னையே கேக்கட்டும்." அஃப்ஸானா அதை உதடசையப் படிக்கிறாள், அழிக்கச் சொல்லவில்லை.